ஒரே ராத்திரியில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு... வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடரின் கதை!

பூந்தமல்லி பைபாஸில் விடிகாலை அஞ்சு மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? வேலூர் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டும் கூட்டத்தில் சிலரைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிய அப்பா, சாப்பாட்டுக் கூடையும் ஃபிளாஸ்க்குமாக அம்மா, ஸ்கேன் கவரை மடங்காமல் பிடித்திருக்கும் மகனோ மகளோ. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க. கேட்கவே வேண்டாம்.

அந்த மகனோ மகளோ நீங்களாகவே இருக்கலாம். அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஹார்ட் டாக்டரைப் பார்க்கப் போயிருப்பீங்க. மூணு மணி நேரம் காத்திருப்பு, உள்ளே அஞ்சு நிமிஷம். டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே அடைப்பு, ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று சொல்லி முடித்திருப்பார். வெளியே வந்ததும் அப்பா உங்க முகத்தைப் பார்த்து, என்னப்பா சொன்னாரு என்று கேட்டிருப்பார். உங்களுக்கும் பாதிதான் புரிந்திருக்கும்.

சிலருக்கு வேற மாதிரி டாக்டர் கிடைத்திருப்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்து, ஒரு தாளில் இதயத்தை வரைந்து எந்தக் குழாயில் எங்கே அடைப்பு என்று காட்டியிருப்பார். அதே இ.சி.ஜி, அதே மாத்திரை. ஆனா அன்னைக்கு ராத்திரி அப்பா தூங்கியிருப்பார்.

இந்த வித்தியாசத்தைச் சின்ன விஷயம்னு நினைச்சுடாதீங்க. நோயாளியும் குடும்பமும் ஒரு டாக்டரை நம்பி உள்ளே விடுகிறார்களா என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. அதை ஒரே ராத்திரியில் கற்றுக்கொண்டு, வாழ்க்கையையே திருப்பிப் போட்டவர் ஒருவர் உண்டு. பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும் இதே பெங்களூரு ரோட்டில் வரும் ராணிப்பேட்டையில்தான் அவர் பிறந்தார். ஐடா சோபியா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி-யைத் தொடங்கிய டாக்டரம்மா.

டாக்டர் குடும்பம், டாக்டராக விரும்பாத பொண்ணு

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் அமெரிக்க டாக்டர். 1819-ல் மிஷனரியாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவர், பிறகு சென்னைக்கு மாறினார். அவர் பிள்ளைகளில் பலர் இங்கேயே ஊழியத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான, அதே பெயர் கொண்ட டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள்தான் ஐடா. பிறந்தது 1870 டிசம்பர் 9.

குழந்தைப் பருவமே பஞ்சத்தில் கழிந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு அந்தச் சின்னப் பொண்ணும் ரொட்டி கொடுத்தாள். பஞ்சத்துக்குப் பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. கொஞ்ச காலத்தில் அப்பா இந்தியா திரும்பிவிட்டார். பின்னாலேயே அம்மாவும் கிளம்ப, ஐடா சொந்தக்காரர் வீட்டில் விடப்பட்டார். பெத்தவங்க ரெண்டு பேரையும் இந்தியா பிடுங்கிக்கிச்சு என்ற வருத்தம் அந்த வயசில் யாருக்குத்தான் வராது?

அதனால் ஒரு முடிவில் உறுதியாக இருந்தார். மிஷனும் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம். அமெரிக்காவிலேயே படித்து, கல்யாணம் செய்து, வசதியாக வாழ வேண்டும். இருபது வயசுப் பெண்ணின் நியாயமான ஆசைதானே?

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஐடா திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம்.

அந்த ராத்திரி

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி. விளக்கு வெளிச்சத்தில் ஐடா தனியாக உட்கார்ந்திருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. வெளியே ஒரு இளம் பிராமணர். வீட்டில் மனைவிக்குப் பிரசவம், குழந்தை வெளியே வரவில்லை, உயிருக்குப் போராடுகிறாள். அவளுக்கு வயது 14. ஐடா உடனே அப்பாவைக் கூப்பிடுகிறேன் என்கிறார். வந்தவர் மறுத்துவிடுகிறார். அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்க அவர் வீட்டு வழக்கத்தில் இடமில்லை. நீங்க வாங்க என்கிறார். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அவர் திரும்பிப் போகிறார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவு. இந்த முறை ஒரு முஸ்லிம். அதே பிரசவம், அதே வேண்டுகோள். அப்பாவும் மகளும் சேர்ந்தே கெஞ்சிப் பார்க்கிறார்கள். அவரும் போகிறார்.

மூன்றாவது முறை தட்டியவர் வேறொரு இந்து சமூகத்தைச் சேர்ந்தவர். அவருக்கும் அதே பதில்தான்.

ஐடா அன்று தூங்கவில்லை. காலையில் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த மூன்று கணவர்களையும் கொடூரர்கள் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் ராத்திரியில் விளக்கைத் தூக்கிக்கொண்டு, பழக்கமில்லாத வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டும் அளவுக்கு அவர்கள் மனைவியைக் காப்பாற்றத் துடித்தவர்கள்தான். கூடவே ஒரு வழக்கம் காலைக் கட்டியிருந்தது. அந்த வீட்டில் ஒரு டாக்டர் இருந்தார், அவரிடம் திறமை இருந்தது, உள்ளே போக அனுமதி இல்லை. அவர் மகளுக்கு அனுமதி இருந்தது, திறமை இல்லை. நடுவில் மூன்று உயிர் போனது.

ஐடாவின் மீதி வாழ்க்கை முழுக்க இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்ப்பதற்கான உழைப்புதான். டாக்டராகிறேன் என்று அன்றே அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டார்.

பக்கத்து அறையில் கேட்ட பெரியவர்

அமெரிக்கா திரும்பி 1895-ல் ஃபிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் கடைசி வருஷத்துக்கு அங்கே மாறினார். 1899-ல் கையில் டாக்டர் பட்டம்.

வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும், அதற்கு 8,000 டாலர் திரட்டிக்கொடு என்று மிஷன் அவரிடம் சொல்லியிருந்தது. கப்பலேற நாள் நெருங்கிவிட்டது, பணம் சேரவில்லை. நியூயார்க்கில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்து விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தார் ஐடா. பக்கத்து அறையில் அந்த அம்மாவின் உறவினரான வங்கித் தலைவர் ராபர்ட் ஷெல் இருந்தார். மூன்று பெண்களின் கதை அவர் காதிலும் விழுந்தது. மறைந்த தன் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரில் ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி 10,000 டாலர் கொடுத்தார்.

ஒரு கட்டில், ஒரு டாக்டர்

1900-ன் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்தார். கூடவே தோழி ஆனி ஹான்காக். அப்பாவின் பக்கத்தில் நின்று தொழில் பழகலாம் என்ற நினைப்போடு வந்தார். அந்த மே மாதமே அப்பா புற்றுநோயில் இறந்துபோனார். முப்பது வயசுகூட ஆகாத புது டாக்டர், வழிகாட்ட ஆள் இல்லை.

வேலூர் வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கினார். ஒரே ஒரு கட்டில். இன்றைக்கு ஆயிரக்கணக்கான படுக்கைகள் கொண்ட சி.எம்.சி-யின் தொடக்கம் அதுதான்.

ஆரம்பத்தில் ஆளே வரவில்லை. ஒரு பெண் டாக்டர் வந்துவிட்டார் என்றதும் ஊரே வரிசையில் நின்றுவிடும் என்று நினைத்தால், அதுதான் இல்லை! பட்டம் கையில் இருந்தது, நம்பிக்கை இன்னும் கிடைக்கவில்லை. அது ஒரு நோயாளி குணமாகி, அவர் வீட்டுத் திண்ணையில் பேசி, அடுத்த வீட்டுக்குப் போய், அப்படித்தான் பரவியது. மருத்துவப் படிப்பே இல்லாத சலோமி என்ற பெண் உதவிக்கு நின்றார். இரண்டு வருஷத்தில் ஐடா பார்த்த நோயாளிகள் 5,000 பேர்.

1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறந்தது. ஒரே டாக்டர். அறுவை சிகிச்சையும் அவர்தான், பிரசவமும் அவர்தான்.

ஒரு டாக்டர் ஒரு நோயாளியிடம் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? இந்தக் கேள்வி அப்போதே அவருக்கு வந்திருக்க வேண்டும். 1909-ல் நர்ஸ்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். டாக்டர் வந்து போவார். ராத்திரி முழுக்கக் கட்டில் பக்கத்தில் நிற்பது நர்ஸ். ஐ.சி.யூ வாசலில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே தெரியும். உள்ளே அம்மா எப்படி இருக்காங்க என்று நாம் கேட்பது பெரும்பாலும் ஒரு நர்ஸிடம்தான்.

மரத்தடிக்குப் போன ஆஸ்பத்திரி

வேலூர் வரை வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஐடா அவர்களைத் தேடிப் போனார். வாரத்தில் ஒரு நாள், குடியாத்தம் ரோட்டில். முதலில் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும், 1909 வாக்கில் பிரான்ஸ் நாட்டு பூஜோ கார் ஒன்றிலும். மருந்துப் பெட்டியோடு கார் வந்து மரத்தடியில் நிற்கும். கண் வலி, சொறி, புண், காய்ச்சல், பல் வலி என்று ரோட்டோரமே மக்கள் காத்திருப்பார்கள். சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, மருந்து கொடுத்து, அடுத்த மரத்தடிக்கு வண்டி நகரும். பெரிய சிக்கல் என்றால் வேலூருக்குக் கூட்டிப்போவார்கள். இந்தச் சாலையோர வைத்தியத்தில் தொழுநோயாளிகளையும் தொட்டுப் பார்த்தார்கள். சொந்தக்காரர்களே கிட்டே வராத காலம் அது.

உங்க பாட்டிக்கு பி.பி மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகிறதா? 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அது. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் நாமே போவோம் என்ற அதே யோசனைதான் நூறு வருஷத்துக்கு முன்னால் பூஜோ காரில் ஓடியது.

டாக்டர்களை உருவாக்கிய டாக்டர்

எத்தனை மரத்தடிக்குப் போனாலும் ஓர் ஐடா போதாது. நம்மூர்ப் பெண்களே டாக்டராக வேண்டும். 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். விண்ணப்பம் போட ஆறேழு பெண்கள் வந்தாலே பெரிசு என்று சென்னை மாகாண மருத்துவத் துறை மேலதிகாரி நினைத்தார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன.

முதல் அணியில் 14 பேர் படிப்பை முடித்து 1922-ல் மாகாணத் தேர்வை எழுதினார்கள். ஆண்கள் படித்த பள்ளிகளோடு சேர்த்து நடந்த தேர்வு. 14 பேரும் பாஸ்! அந்தப் பெண்கள் கிராமங்களுக்குப் போய் ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்தபோது, திண்டிவனம் வீட்டுக் கதவுக்கு முதல் முறையாக முழுப் பதில் கிடைத்தது.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு, டிப்ளமா தரத்தில் இருந்த மருத்துவப் படிப்பை நிறுத்த முடிவெடுத்தது. இனி பல்கலைக்கழகப் பட்டம்தான். அதற்கு அதிகப் படுக்கைகள், அதிகப் பேராசிரியர்கள், ஏராளமான பணம் வேண்டும். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான். ஐடாவுக்கு அப்போது வயது கிட்டத்தட்ட 70.

உங்க வீட்டுத் தாத்தா பாட்டி அந்த வயசில் என்ன செய்கிறார்கள் என்று யோசிச்சுப் பாருங்க. இவர் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்கா போய், ஊர் ஊராக நிதி திரட்டினார்.

அதைவிடக் கஷ்டமான முடிவு ஒன்று காத்திருந்தது. கல்லூரி பிழைக்க வேண்டும் என்றால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. பெண்களுக்காகவே பல வருஷம் பணம் கொடுத்த பழைய நண்பர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஐடாவுக்கும் இது லேசான விஷயமாக இருந்திருக்காது. ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டோம் என்றதால் பிறந்த கல்லூரி ஆயிற்றே! கடைசியில் சம்மதித்தார். 1947-ல் மாணவர்களும் எம்.பி.பி.எஸ் வகுப்பில் உட்கார்ந்தார்கள். நோயாளிக்கு எது நல்லதோ அது நடக்கட்டும் என்று, தான் கட்டியதையே மாற்றிக் கட்ட அவருக்கு மனசு வந்தது.

வயதான காலத்திலும் டென்னிஸ் ஆடுவார், ரோஜா வளர்ப்பார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம்கூட அவரிடம் சரியாக வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். 1960 மே 24-ல் கொடைக்கானலில் இறந்தார். வயது 89. வேலூரில் அடக்கம் செய்தார்கள்.

ஹார்ட் டாக்டரும் அந்தக் கதவும்

அவர் இறந்த கொஞ்ச காலத்திலேயே, 1960-களின் தொடக்கத்தில், அதே ஆஸ்பத்திரியில் திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. இந்தியாவில் அந்தத் துறைக்குப் பாதை போட்ட இடங்களில் ஒன்று வேலூர். ஒரு கட்டிலில் தொடங்கிய இடம் அறுபது வருஷத்தில் நெஞ்சைத் திறந்து இதயத்தைச் சரிசெய்யும் நிலைக்கு வந்திருந்தது.

இன்றைக்குத் திறமைக்குப் பஞ்சமே இல்லை. பூந்தமல்லியில் நின்று கிழக்கே பார்த்தால், ஹை ரோடு நேராக சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.ஹெச் வரை போகிறது. வழி நெடுக ஆஸ்பத்திரிகள். மேற்கே போனால் வேலூர். ஆனால் அந்த மூன்று பெண்களின் கதவு முழுசாகத் திறந்துவிட்டதா?

உங்க அம்மாவையே எடுத்துக்கோங்க. சமையல் செய்யும்போது மூச்சு வாங்குகிறது, முதுகும் தாடையும் வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. அம்மா என்ன சொல்வாங்க? வாயுப் பிடிப்பு, சோடா குடிச்சா சரியாயிடும். இல்லையா? மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது என்று சினிமா நமக்குப் பழக்கியிருக்கிறது. பெண்களுக்கும் நெஞ்சு வலி வரும்தான். ஆனால் மூச்சு வாங்குதல், காரணமில்லாத சோர்வு, குமட்டல், தாடை, முதுகு வலி என்று வேறு முகத்தோடும் வரும். அதனால் பல பெண்கள் தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். முன்பு ஒரு டாக்டர் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்திருந்தால், அடுத்த முறை இன்னும் தாமதம். எதுக்கு அவர்கிட்ட போய்த் திட்டு வாங்கணும் என்று வலியை விழுங்கிக்கொள்வார்கள். அன்று வழக்கம் மூடிய கதவை இன்று ஒரு கடுகடுப்பான முகம் மூடிவிடக்கூடும். அப்படி அறிகுறி தெரிந்தால் சோடாவைத் தேடாதீங்க, 108-க்குப் போன் பண்ணுங்க.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு காலையில் நூறு பேரைப் பார்ப்பவரிடம் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் கேட்க முடியாது. ஐடாவின் மரத்தடியிலும் கூட்டம்தான். அதே அஞ்சு நிமிஷத்தில் திரையைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்க்க முடியும். அதற்குக் கூடுதல் நேரம் ஆகாது.

நாமும் கொஞ்சம் தயாராகப் போகலாம். கேட்க வேண்டியதை முந்தின ராத்திரியே போனில் எழுதி வெச்சுக்கோங்க. என்ன பிரச்னை, இப்போதே செய்ய வேண்டுமா, காத்திருந்தால் என்ன ஆகும், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும். இந்த நாலு கேள்வி போதும். டாக்டர் சொன்னதை நீங்க புரிந்துகொண்டபடி ஒரு முறை திருப்பிச் சொல்லிக் காட்டுங்க. தப்பு இருந்தால் அங்கேயே திருத்துவார். முக்கியமா, அப்பாவுக்கும் ஒரு வார்த்தை நேரா சொல்லுங்க டாக்டர் என்று கேட்டுப் பாருங்க. வலி அவருடையது, அவர் தலைக்கு மேலே நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த முறை பூந்தமல்லி பைபாஸில் அந்த ஸ்கேன் கவர் குடும்பத்தைப் பார்த்தால், பஸ்ஸில் உட்கார இடம் கொடுங்க. அந்த வண்டி ராணிப்பேட்டையைத் தாண்டித்தான் வேலூர் போகும். டாக்டராகவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பொண்ணு பிறந்த ஊர் அது.